பிடிப்பறியாத தசை

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாட் காலை, எம் அம்மானார் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்தார். அறுபத்தெட்டு வயதினர், ஒருநாளேனும் நோயென்று பாயிற் படுத்தறியாதவர். மண்வெட்டியைச் சுவரிற் சாத்தியவர், நெஞ்சின் நடுவே கையை வைத்து அழுத்திக்கொண்டார். இடத் தோளிலிருந்து முழங்கைவரை ஏதோ பாரம் இறங்குகிறதென்றார். முகம் வியர்த்திருந்தது. வெயிலில் நின்று வந்தவர் வியர்த்திருப்பது வியப்பன்று என நாமும் எண்ணிக்கொண்டோம்.

"உது வாய்வுப் பிடிப்படா தம்பி. மண்வெட்டி பிடிச்ச கையல்லோ? கொஞ்சம் எண்ணெய் பூசினால் விட்டிடும்" என்றார்.

மாமி வேப்பெண்ணெயைச் சூடாக்கிக் கொணர்ந்தார். அதனை நெஞ்சிலும் தோளிலும் பூசித் தேய்த்துவிட்டவர் யாரெனில், பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியொன்றில் உயிரியல் கற்பித்துவரும் நாமே. இரண்டரை மணி நேரம் இவ்வாறு கழிந்தது. தாதியாகப் பயிலும் அயல்வீட்டுப் பிள்ளை தற்செயலாக எட்டிப்பார்த்து, "இவரை ஏன் இன்னும் வீட்டிலை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்ட பின்னரே நோயாளர் வண்டியை அழைத்தோம்.

அம்மானார் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அவருடைய இதயத் தசையின் ஒரு பகுதி அன்றே மடிந்துவிட்டது. முன்னர் நாள் முழுதும் தோட்டத்தில் நின்றவருக்கு, இன்று கிணற்றடியிலிருந்து படலைவரை நடந்து வந்தாலே மூச்சு வாங்குகிறது.

அடுத்த கிழமை உயர்தர வகுப்பில் தசைகளைப் பற்றிய பாடம் நடந்தது. மாணவனொருவன் எழுந்து, "சேர், கெண்டைக்காலில் பிடிப்பு வருகிறது. இதயமும் தசைதானே? அதற்கு ஏன் பிடிப்பு வருவதில்லை?" என்று கேட்டான். இவ்வினாவை அன்று காலை திண்ணையில் நாம் எம்மையே கேட்டிருப்போமாயின், எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்டிருக்கமாட்டோம். அம்மாணவனுக்கு நாம் கூறிய விடையையே சற்று விரித்து இக்கிழமை வாசகர்களுக்கும் கூற முற்படுகிறோம். மாணவர்களுக்கு இது பாடமாகும். இல்லத்தோருக்கு அதனினும் மேலான பயன் தரக்கூடும்.

இயந்திரம் ஒன்றே

முதலில் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் காண்போம். எலும்புகளைப் பற்றிநின்று கைகால்களை அசைக்கும் தசையை வன்கூட்டுத் தசை என்கிறோம். இதனையும் இதயத் தசையையும் நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினால், இரண்டிலும் குறுக்கே வரிவரியாகக் கோடுகள் காணப்படும். அக்கோடுகளை உண்டாக்குவன இருவகைப் புரத இழைகள். மெல்லியவை அக்தின் எனவும், தடித்தவை மயோசின் எனவும் பெயர்பெறும். தசை சுருங்கும்போது இவ்விழைகள் குறுகுவதில்லை. ஒரு கையின் விரல்களினிடையே மற்றக் கையின் விரல்களைச் செலுத்துவதுபோல, ஒன்றினிடையே மற்றொன்று வழுக்கிச் செல்கிறது. இவ்வுண்மையை 1954 ஆம் ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே வெளியிட்டனர். அன்றூ ஹக்ஸ்லியும் றொல்வ் நீடர்கேர்க்கும் ஒரு குழுவினர். ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் அம்மையாரும் மற்றக் குழுவினர். இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர்.

இவ்வழுக்குதலைத் தொடக்கிவைப்பது கல்சியம். கலத்தினுள் கல்சியம் பெருகினால் இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும்; கல்சியம் அகன்றால் பிடி தளரும். கல்சியத்தை ஏற்று இழைகளுக்கு அனுமதி வழங்கும் திரோப்போனின் என்னும் புரதத்தை 1960களில் ஜப்பானிய அறிஞர் செற்சுரோ எபாசியும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர்.

ஆக, இழுக்கும் இயந்திரம் இரு தசைகளுக்கும் பொதுவானது. வேற்றுமையெல்லாம் அவ்வியந்திரத்துக்கு ஆணையிடுவது யார், ஆணை எவ்வளவு நேரம் நிற்கிறது, இயந்திரத்துக்கு எரிபொருள் எவ்வாறு வருகிறது என்பவற்றிலேயே தங்கியிருக்கிறது.

ஆணையிடுவது யார்?

வன்கூட்டுத் தசை நரம்பின் ஆணையின்றி அசையாது. நரம்பு அறுந்தால், அது பற்றியிருந்த தசை தளர்ந்து கிடக்கும். நாளடைவில் மெலிந்தும் போகும். இதயமோ அத்தகையதன்று. தவளையின் இதயத்தை வெட்டியெடுத்து ஏற்ற உப்புக்கரைசலில் வைத்தாலும் அது துடித்துக்கொண்டே இருக்கும். மனிதரிடத்தும் இஃது உண்மையென்பதை 1967 ஆம் ஆண்டு மார்கழி 3 ஆம் நாள் உலகு அறிந்தது. அன்று தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரில் மருத்துவர் கிறிஸ்ரியன் பேணாட், இறந்த ஒருவரின் இதயத்தை மற்றொருவரின் நெஞ்சிற் பொருத்தினார். அவ்விதயத்துக்கு வந்த நரம்புகள் யாவும் அறுபட்டிருந்தன. எனினும் அது துடித்தது.

இத்துடிப்பு பிறக்கும் இடம் வலச் சோணையறையின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு இழையத் திரள். குடாச் சோணைக் கணு என்பது அதன் பெயர். ஆதர் கீத் என்பவரும் அவரிடம் பயின்ற மருத்துவ மாணவரான மாட்டின் பிளாக்கும் அதனைப் பற்றி 1907 இல் எழுதினர். மாணவர் அதனை முதலிற் கண்டது, மண்ணுள் வளைதோண்டி வாழும் மூஞ்சூறு போன்றதொரு சிறு விலங்கின் இதயத்திலாம். அங்கு எழும் மின் அலை, கலத்திலிருந்து கலத்துக்குப் பரவி இதயம் முழுவதையும் தூண்டுகிறது. நரம்புகள் இதயத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன. ஆனால் துடிப்பை ஈவது அவற்றின் வேலையன்று.

சிலரை அழைப்பதும் எல்லோரையும் அழைப்பதும்

ஒரு தாளைத் தூக்கும் கைதான் ஒரு மூடை நெல்லையும் தூக்குகிறது. இஃது எவ்வாறு இயலுகிறது? வன்கூட்டுத் தசையில் ஒவ்வொரு நாரும் பக்கத்து நாரிலிருந்து தனித்தது. ஒரு நரம்புநார் கிளைவிட்டுச் சில நார்களை ஆளுகிறது. விழியை அசைக்கும் நுட்பமான தசைகளில் ஒரு நரம்புநாரின் ஆட்சியில் பத்தளவான தசைநார்களே இருக்கும். தொடை போன்ற பெருந்தசைகளில் ஆயிரம் அளவில் இருக்கும். வேலை சிறிதாயின் மூளை சில குழுக்களை அழைக்கும். பெரிதாயின் பல குழுக்களை அழைக்கும். 1909 இல் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த கீத் லூக்காஸ், சில நரம்புநார்களே செல்லும் தவளையின் சிறு தசையொன்றில் தூண்டலைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். சுருக்கம் சரிவாக உயராது படிபடியாகவே உயர்ந்தது. ஒவ்வொரு படியும் புதிதாக வந்துசேர்ந்த ஒரு குழு.

இதயத்திலோ அழைப்பு எல்லோருக்கும் உரியது. அதன் கலங்கள் சிறியன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு நீளமானது. அவை கிளைவிட்டு ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. கைகோத்த இடங்களில் உள்ள நுண்வாயில்களின் வழியே மின்னோட்டம் ஒரு கலத்திலிருந்து மறுகலத்துக்குத் தடையின்றிச் செல்கிறது. ஆகவே ஓரிடத்தைத் தூண்டினால் முழு இதயவறையும் சுருங்கும். அமெரிக்கரான ஹென்றி பௌடிச் 1871 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகர ஆய்வுகூடத்தில் இதனைத் தவளையின் இதயத்திற் கண்டார். தூண்டல் போதாதாயின் இதயம் அசையாது. போதுமாயின் அப்போது தனக்கியன்ற அளவு முழுமையாகச் சுருங்கும். மென்மையாகத் தூண்டினால் மென்மையாகச் சுருங்குவதென்பது அங்கில்லை.

அவ்வாறாயின் ஓடும்போதும் படியேறும்போதும் இதயம் எங்ஙனம் வலிமையை மிகுவிக்கிறது? ஆட்களைக் கூட்டமுடியாதபோது, இருக்கும் ஆட்களே கூடுதலாக உழைத்தல் வேண்டும். அதற்கு இரு வழிகள் உள்ளன. திரும்பிவரும் குருதி மிகுந்து இதயவறையை விரித்தால், விரிந்த தசை மேலும் வலிமையுடன் சுருங்கும். 1895 இல் ஜேர்மனியரான ஒற்றோ பிராங்கும், 1914 இல் இலண்டனில் ஏர்ணெஸ்ற் ஸ்ராலிங் குழுவினரும் நிறுவிய நியதி இது. மற்ற வழி, ஒவ்வொரு துடிப்பிலும் கலத்தினுட் புகும் கல்சியத்தைக் கூட்டுதல். அச்சமோ உழைப்போ நேரும்போது சுரக்கும் அதிரீனலின் இதனையே செய்கிறது.

பிடிப்பு என்பது யாது?

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். காலின் தசையில் ஒரு மின் துடிப்பு எழுந்து அடங்குவதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவான நேரமே செல்லும். அது தூண்டிய சுருக்கமோ, தசையின் வகைக்கேற்ப, ஆயிரத்தில் பத்து முதல் நூறு பங்குவரை நீடிக்கும். ஆகவே முதற் சுருக்கம் தளர்வதற்கு முன்னரே இரண்டாவது, மூன்றாவது, நாலாவது ஆணைகள் வந்துசேரலாம். சுருக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, தசை தளராது இறுகி நிற்கும். இவ்வாறு இறுகிய தசையின் வலிமை ஒற்றைச் சுருக்கத்தின் வலிமையைப்போல் மூன்று நான்கு மடங்காகும். குடத்தை இடுப்பில் ஏந்தி நிற்பதும், எழுதுகோலைப் பற்றியிருப்பதும், நிமிர்ந்து நிற்பதும் இந்த அடுக்கலாலேயே இயலுகின்றன.

அவ்வாணைகள் எமது விருப்பமின்றியே நரம்பில் ஓயாது எழுந்தால், அதுவே பிடிப்பு. நள்ளிரவில் கெண்டைக்கால் கல்லாக இறுகுவது இதனாலேயே. ஏற்புவலி நோயில் தாடையும் முதுகும் வில்லாக வளைந்து இறுகுவதும் நரம்புகளின் கட்டுப்பாடற்ற ஆணையாலேயே. அத்தகைய கொடிய நோயிலும் இதயம் தாடையைப்போல் இறுகிவிடுவதில்லை என்பதை நோக்குக.

இதயத் தசையில் நேர அளவு முற்றிலும் வேறானது. அதன் மின் துடிப்பு, காலின் தசையிற்போல் நொடியில் மறையாது, ஏறத்தாழ 250 மில்லிசெக்கன், அதாவது கால் செக்கன் நேரம், நிலைத்து நிற்கும். சுருக்கமும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே நிற்கும். மின் துடிப்பு நிற்கும்வரை அக்கலம் வேறெந்தத் தூண்டலையும் ஏற்பதில்லை. சுருங்கத் தொடங்கிய இதயம் மறுதூண்டலுக்குச் செவிசாய்ப்பதில்லை என்பதைப் பிரான்சிய அறிஞர் எற்றியன் மாறே 1876 இல் எடுத்துக்காட்டினார். அது மீண்டும் செவிசாய்க்கும் வேளையில் சுருக்கம் பெரும்பாலும் தளர்ந்துவிட்டிருக்கும். எனவே சுருக்கத்தின்மேல் சுருக்கத்தை அடுக்க வழியில்லை. அடுக்க வழியில்லையேல் பிடிப்பும் இல்லை.

இஃது இதயத்தின் குறைபாடு போலத் தோன்றலாம். கை செய்யும் ஒன்றை இதயத்தாற் செய்ய இயலவில்லையே! ஆயின், எம் அம்மானார் இளமையில் துலா மிதித்தவர். அவர் இதனை எளிதில் விளங்கிக்கொண்டார். வாளி கிணற்றுள் இறங்கி நிரம்பினாலன்றி நீர் மேலே வாராது. துலா மேலே சென்று அங்கேயே நின்றுவிட்டால் பயிர் வாடிவிடும். இதயமும் அத்தகைய இறைப்பே. சுருங்குவதால் இறைக்கிறது, தளர்வதால் நிரம்புகிறது. கெண்டைக்கால் அரைநிமிடம் இறுகினால் நோவோடு போகும். இதயம் அரைநிமிடம் இறுகினால் மூளைக்குக் குருதி செல்லாது, மனிதன் நினைவிழந்து வீழ்வான். இறுகி நிற்க இயலாமையே இதயத்தின் காவல்.

குழாய்நீர் கற்பித்த பாடம்

இருவகைத் தசைகளுக்கும் இன்னுமொரு வேற்றுமை உண்டு. அது வெளிப்பட்ட வரலாறு மாணவர்களுக்குச் சுவையளிக்கும். இலண்டன் மருத்துவரான சிட்னி றிங்கர், கறியுப்பு முதலியன கரைந்த நீரில் தவளையின் இதயம் துடிப்பதைப் பற்றி 1882 இல் எழுதினார். பின்னர் அதே கரைசலை மீண்டும் ஆக்கியபோது இதயம் விரைவில் நின்றுவிட்டது. காரணத்தைத் தேடியபோது உண்மை வெளிவந்தது. முன்னைய கரைசல் வாலைவடிநீரால் ஆக்கப்பட்டதென அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அது நியூ றிவர் கம்பனி இலண்டன் மாநகருக்கு வழங்கிய குழாய்நீரால் ஆக்கப்பட்டிருந்தது. அக்குழாய்நீரிற் கல்சியம் இருந்தது. தூய நீர்க் கரைசலில் நின்றுபோன இதயம், சிறிது கல்சியத்தைச் சேர்த்தவுடன் மீண்டும் துடித்தது. தவறு நேர்ந்ததை மறையாது 1883 இல் அவர் வெளியிட்டார். தவறென்று ஒதுக்கியிருந்தால் ஓர் உண்மையை இழந்திருப்போம்.

வன்கூட்டுத் தசையோ வெளியே கல்சியம் இல்லாத கரைசலிலும் நெடுநேரம் சுருங்கவல்லது. ஏனெனில், அதன் கலத்தினுள்ளே கல்சியக் களஞ்சியம் ஒன்று உண்டு. மின் துடிப்பை உணரும் புரதம் அக்களஞ்சியத்தின் வாயிலோடு நேரே பிணைந்திருக்கிறது. கயிற்றை இழுத்தவுடன் படலை திறப்பது போன்றது அது. இதயக் கலத்திலும் களஞ்சியம் உண்டு. ஆனால் கயிறு இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியிலிருந்து சிறிதளவு கல்சியம் உள்ளே வந்து தட்டினால்தான் களஞ்சியத்தின் கதவு திறந்து மிகுந்த கல்சியம் வெளிப்படும். இவ்வாறு வெளியிலிருந்து வரும் கல்சியமே மின் துடிப்பை அவ்வளவு நேரம் நீடிக்கச் செய்வதற்கும் ஒரு காரணம். குருதியின் உப்புக்கள் சிறிது மாறினாலும் மருத்துவர் இதயத்தைப் பற்றியே முதலிற் கவலையுறுவதன் காரணமும் இதனால் ஓரளவு விளங்கும்.

ஓயாத இதயம் ஓய்வெடுக்கிறது

"இதயம் ஓயாது உழைக்கும் உறுப்பு" என்று நூல்களில் எழுதுகிறோம், வகுப்பிலும் கூறுகிறோம். கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 75 தடவை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 செக்கன் செல்லும். அதில் இதயவறைகள் சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.3 செக்கன், தளர்ந்திருப்பது 0.5 செக்கன். ஆகவே இருபத்துநான்கு மணி நேரத்தில் அவை உழைப்பது ஒன்பது மணி; ஓய்வது பதினைந்து மணி. தோட்டக்காரனைவிட இதயம் நன்றாகவே ஓய்வெடுக்கிறது. ஆனால் அவ்வோய்வைச் சேர்த்துவைத்து ஒருமிக்க எடுப்பதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கிறது.

அவ்வோய்வு வெறும் ஓய்வன்று. இதயம் தன் உணவைப் பெறும் வேளையும் அதுவே. உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் இதயம், தன் அறைகளினுள்ளே நிறைந்திருக்கும் குருதியிலிருந்து தன் தசைக்கு வேண்டியதைப் பெறுவதில்லை. முடியுருநாடிகள் என்னும் இரு சிறு நாடிகளின் வழியாகவே பெறுகிறது. சுருங்கும்போது இடப்புற இதயத் தசை தன்னுள் ஓடும் நுண்குழாய்களைத் தானே நெருக்கிவிடுவதால், அப்பகுதிக்குக் குருதி பெரும்பாலும் தளரும் வேளையிலேயே பாய்கிறது. வேகமாகத் துடிக்கும்போது குறுகுவது பெரும்பாலும் இவ்வோய்வு வேளையே.

இங்கேதான் இரு தசைகளுக்கும் இடையேயான வேற்றுமை உயிர்வாழ்வைத் தொடுகிறது. கைகால்களின் தசை, ஓய்வான வேளையில், தன்னிடம் வரும் குருதியின் ஒட்சிசனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே எடுக்கும்; வேலை மிகும்போது மேலும் எடுக்கும். ஒட்சிசன் போதாவிடினும், வெல்லத்தைப் பாதியளவிற் சிதைத்து இலத்திக்கமிலத்தை உண்டாக்கிச் சிறிது நேரம் கடனில் வேலை செய்யும். நூறு மீற்றர் ஓடியவன் ஓட்டம் முடிந்தபின் மூச்சிரைப்பது அக்கடனைத் தீர்ப்பதற்கே.

இதயத்துக்கு அத்தகைய கடன் வாழ்வு இல்லை. ஓய்வான வேளையிலேயே அது தன்னிடம் வரும் ஒட்சிசனில் நூற்றுக்கு எழுபது பங்களவை எடுத்துவிடுகிறது. மேலும் எடுக்க மிச்சம் அதிகமில்லை. குருதி கூடுதலாக வந்தாலன்றி வேறு வழியில்லை. ஒட்சிசனைக் கொண்டு சத்தை ஆக்கும் இழைமணிகள் இதயக் கலத்தின் கனவளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நிறைத்திருப்பதும் இதனாலேயே. கால் தசை கழித்துவிடும் இலத்திக்கமிலத்தையும் இதயம் எரிபொருளாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒட்சிசன் வேண்டும்.

தொடையில் இறுகக் கட்டுப்போட்டுக் குருதியை நிறுத்திச் சத்திரசிகிச்சை செய்யும் மருத்துவர்கள் உளர். இரண்டு மணி நேரமளவும் கால் தசை அதனைத் தாங்கும். முடியுருநாடியின் ஒரு கிளை முற்றாக அடைபட்டாலோ, அரைமணி நேரத்தினுள் இதயத் தசை மடியத் தொடங்கும். மடிவு உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிச் சில மணி நேரத்திற் பரவும். எண்ணெய் பூசியவாறு நாம் கழித்த இரண்டரை மணி நேரத்தை வாசகர்கள் இவ்விடத்தில் நினைவு கூர்க.

மடிந்தது மீள்வதும் அரிது. கைத்தசையில் காயம் பட்டால், நார்களின் அருகே உறங்கிக்கிடக்கும் சிறப்புக் கலங்கள் விழித்தெழுந்து ஓரளவு புதிய நார்களை ஆக்கும். இதயத்தில் மடிந்த தசையின் இடத்தை வடுவே நிரப்பும், வடு சுருங்குவதில்லை. வளர்ந்தவரின் இதயத்திலும் புதிய தசைக் கலங்கள் தோன்றுகின்றன என்பதை 2009 இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் அது இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று அளவே. முதுமையில் அதனிற் பாதியே. இரண்டரை மணி நேரத்தில் இழந்ததை ஈடுசெய்ய இது எம்மாத்திரம்?

இல்லத்தோருக்கு ஒரு சொல்

நெஞ்சுக் கூட்டின் வெளிப்புறத்தும் விலாக்களினிடையேயும் வன்கூட்டுத் தசைகள் உள்ளன. அவற்றுக்குப் பிடிப்பு வருவதுண்டு. ஆகவே நெஞ்சில் எழும் நோவு யாவும் இதய நோவு அல்ல. ஆனால் அவ்விரண்டையும் திண்ணையில் இருந்தவாறு பிரித்தறிய முடியுமென எண்ணுதல் பெருந்தவறு. பட்டப்படிப்பும் பதினெட்டு ஆண்டுக் கற்பித்தலும் எமக்கு அன்று உதவவில்லை. "பிடிப்பு" என்ற ஒரு சொல் போதியதாயிற்று; அதன்பின் நாம் சிந்திக்கவில்லை. காலிற் பிடிப்பெனின் பொறுத்திருந்தால் விடும். இதயத்துக்கு அத்தகைய பிடிப்பு இல்லை. அங்கு எழும் நோவு, ஒட்சிசன் கிடையாத தசையின் முறையீடு. பொறுத்திருத்தல் அதற்கு மருந்தன்று.

எனவே, நெஞ்சின் நடுவே அழுத்தமோ இறுக்கமோ தோன்றிச் சில நிமிடங்களில் தணியாவிடின், அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவின், குளிர்ந்த வியர்வையோ குமட்டலோ மூச்சுத்திணறலோ உடன்வரின், எண்ணெயையும் கசாயத்தையும் தேடாது 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழையுங்கள். பெண்களிடத்தும், நீரிழிவு நோயாளரிடத்தும், முதியோரிடத்தும் நோவு தெளிவாக இல்லாது, களைப்பும் மூச்சிரைப்பும் மாத்திரமே தோன்றக்கூடும். நோயாளியை நடக்கவிடாதீர்கள். வைத்தியசாலையில் அது பிடிப்பே என்று கூறித் திருப்பி அனுப்பினால், அது வெட்கப்பட வேண்டிய செய்தியன்று. மகிழ வேண்டிய செய்தி.

சிலவேளைகளில் குருதியின்றி வாடும் இதயத்தில் ஒற்றுமை குலைந்துவிடும். கைகோத்து ஒருமிக்கச் சுருங்கிய கலங்கள் ஒவ்வொன்றும் தன் மனம்போன போக்கிற் சுருங்க, இதயம் புழுக்கள் நெளிவதுபோல் நடுங்கும், குருதி வெளியேறாது. மனிதன் நினைவிழந்து, மூச்சடங்கிக் கிடப்பான். அவ்வேளை வண்டி வரும்வரை அருகில் நிற்பவரின் கைகளே அவனுக்கு இதயம். நெஞ்சின் நடுவே இரு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, வளர்ந்தோராயின் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துதல் வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் நெஞ்சு முழுதும் மேலெழ விடுதல் வேண்டும். துலாவை நினைவிற் கொள்ளுங்கள்: வாளி இறங்கி நிரம்பினாலன்றி நீர் வாராது. இதனை நூலில் வாசித்துக் கற்பதினும் முதலுதவி வகுப்பிற் பயின்று கற்பதே சிறந்தது. எமது கல்லூரியில் இவ்வாண்டு உயர்தர மாணவர்களுக்கு அப்பயிற்சியை அளித்தோம். நாமும் அவர்களோடு முழந்தாளிட்டுப் பயின்றோம்.

சென்ற ஞாயிறு அம்மானாரிடம் இக்கட்டுரையை வாசித்துக் காட்டினோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "எண்ணெய் பூசினதையும் எழுதிப்போட்டாயோ?" என்றார். எழுதிவிட்டோம் என்றோம். "எழுது, எழுது. நானும்தானே பூசச் சொன்னனான்" என்று கூறிவிட்டு, எழுந்து மெதுவாகத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். பாதி வழியில் நின்று, மூச்சை ஆற்றிக்கொண்டு, மீண்டும் நடந்தார்.